மதுரையில் ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ்

விமானம் நேரத்துக்கு வந்தது, டாக்ஸிக்காரர் நல்லவர், ஊரில் கரண்ட் போகவில்லை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இந்தத் தடவை எனக்கு ஆறாமல் இருப்பது தொடை வரைக்கும் ஏறுகிற ஒரு ஜோடி வெள்ளை ஸ்டாக்கிங்ஸ்தான்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. தம்பி பதறாமல் நேராக மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். பெயர் வேண்டாம். ஸ்கேன் உடனே எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று சொல்லி மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. வாசலில் அதே அட்டெண்டர் பாஸ், அதே செக்யூரிட்டி அண்ணன், கையில் பிளாஸ்க்கோடு லிஃப்டுக்குக் காத்திருக்கும் அதே கூட்டம். எதிர்க் கடையில் இலையில் கட்டிய இட்லி. இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் ஆறிப்போன சாண்ட்விச் தின்றவனுக்கு அந்த இட்லிக்காகவே அட்டெண்டராக இருக்கலாம் என்று தோன்றும்.

சாயங்காலம் சிஸ்டர் ஒரு சீட்டை நீட்டினார். "சார், கீழே ஃபார்மஸியில இதை வாங்கிட்டு வந்திருங்க, காலுல ரத்தம் கட்டாம இருக்க." ஸ்டாக்கிங்ஸ். கீழே போனேன். கணுக்கால் எவ்வளவு, தொடை எவ்வளவு என்று கேட்பார்கள், மேலே போய் அளந்து வர வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கவுண்டர் பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மீடியம் போதும் சார், எல்லாருக்கும் செட் ஆயிரும்." 1,900 ரூபாய்.

அதை மாட்டியது தனிக் கதை. பெரியப்பா ஒல்லி. கெண்டைக்காலில் சதையே கிடையாது, ஆனால் விழுந்த கால் கனக்கும். ஆயாம்மா காலைத் தூக்கிப் பிடிக்க, நான் இழுக்க, சிஸ்டர் சுருக்கம் நீக்க, மூன்று பேரும் வியர்த்துப்போனோம். ஒருவழியாக ஏறியது. காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தால் மேல்விளிம்பு சுருண்டு இறங்கி முழங்காலுக்குப் பின்னால் கயிறு கட்டியதுபோல் நிற்கிறது. விரலை விட்டு நகர்த்தினேன், கீழே தோலில் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. பெரியப்பா இருபது வருஷ சர்க்கரைக்காரர், பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே குறைவு, இப்போது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மாட்டுவதற்கு முன்னால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பாதத்தில் நாடி பார்த்தார்களா என்று கேட்டால், "எல்லாருக்கும் போடுறதுதானே சார்" என்று பதில்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. லெஸ்டரில் நண்பரின் மாமனார் இதே நோயோடு ஸ்ட்ரோக் வார்டில் கிடந்தபோது நான் தினமும் போயிருக்கிறேன். அங்கே யாருக்கும் ஸ்டாக்கிங்ஸ் கிடையாது. இரண்டு காலிலும் உறை சுற்றி, கட்டில் ஓரத்தில் ஒரு சின்ன பம்ப் தொங்கும். உஸ்ஸென்று காற்று ஏறும், சில நொடி காலை அழுத்தும், அப்புறம் விட்டுவிடும். ராத்திரி பகலாக அதே வேலை. அவர் தூக்கம் போச்சு, வியர்க்கிறது என்று திட்டிக்கொண்டே இருந்தார், நர்ஸும் விடாமல் திரும்பத் திரும்ப மாட்டினார்.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற முக்கியமாக உதவுவது கெண்டைச் சதை சுருங்கி விரிவதுதான். அந்தச் சதை விழுந்துபோனால் ரத்தம் தேங்கி ஆழத்தில் உள்ள ரத்தக்குழாய்க்குள் கட்டியாகும். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் பிரிட்டனிலும் ஒரு காலத்தில் பக்கவாதம் என்றாலே ஸ்டாக்கிங்ஸ்தான். எடின்பரோவிலிருந்து மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் கிளாட்ஸ் என்ற பெயரில் வரிசையாக ஆய்வுகள் நடந்தன. 2009ல் வந்த முதல் முடிவில், 2,500 பேருக்கு மேல் பார்த்ததில், தொடை வரை ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்குக் கட்டி, போடாதவர்களில் 10.5. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோல் உரிவது, கொப்புளம், புண் எல்லாம் போட்டவர்களுக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 1. காற்று பம்பைச் சோதித்த மூன்றாவது ஆய்வு 2013ல் வந்தது. அதில் பம்ப் மாட்டியவர்களில் 8.5 சதவீதம் பேருக்குக் கட்டி, மாட்டாதவர்களில் 12.1. இந்த ஆய்வுகளுக்கு அப்புறம் அங்கே பக்கவாத வார்டில் ஸ்டாக்கிங்ஸைக் கைவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அது இன்றும் உண்டு, அது வேறு சங்கதி.

இதைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சாவகாசமாக, "ஐசியூவுல காலுல காத்தடிச்சாங்களே, அந்த மிஷினாண்ணே?" என்கிறான். அதாவது பம்ப் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. ஐசியூவில் இருந்தவரை பெரியப்பா காலில் ஓடியும் இருக்கிறது. வார்டுக்கு மாற்றும்போது கழற்றிவிட்டு, அதற்குப் பதில் கீழே ஃபார்மஸிக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். ஏன் என்றால், "அது ஐசியூ மிஷின் சார்." மெஷினுக்குக்கூட வார்டுக்கு வர பாஸ் வேண்டும் போலிருக்கிறது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார், அவரோடு ஒரு பட்டாளமும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். லெஸ்டரிலும் டாக்டர்கள் அவசரத்தில்தான் இருப்பார்கள், ஆனால் கடைசியில் "வேறு ஏதாவது கேட்கணுமா" என்று ஒப்புக்காவது கேட்பார்கள்.

ராத்திரி டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நான் கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. முதலில் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றச் சொன்னார். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்து, "வலது கால் லேசா வீங்கின மாதிரி இருக்கு அங்கிள். நடுவுல பம்ப் இல்லாம இருந்திருக்கு, உடனே மறுபடியும் மாட்டக்கூடாது. உள்ள கட்டி இருந்தா அழுத்துறப்ப நகர்ந்திரும். கால் ரத்தக்குழாயைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடுகிறார்களே, அந்த ஊசியைப் பற்றியும் கேட்டேன். அது கட்டியைக் குறைக்கும், ஆனால் புதிதாக அடிபட்ட மூளையில் ரத்தம் கசியவும் வழி செய்யும், அதனால் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். லெஸ்டரில் என் சொந்த முதுகுவலிக்கு யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

டாப்ளரில் ஒன்றுமில்லை. மத்தியானத்துக்குள் ஐசியூவிலிருந்து ஒரு பம்ப் இறங்கி வந்தது, நாள் வாடகையோடு. கொடுத்தேன். ஸ்டாக்கிங்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கவர் பிரித்ததை எடுக்க மாட்டார்களாம்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரியம்மாவின் அண்ணன் ஒரு தைல பாட்டிலோடு வந்து, விழுந்த காலை அமுக்கி உருவிவிட உட்கார்ந்துவிட்டார். டாப்ளர் ரிசல்ட் வரும்வரை காலைத் தொடக்கூடாது மாமா என்று சொல்லி நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அந்தக் காலத்துல எங்கப்பாருக்கு இதுலதான் கால் வந்துச்சு" என்று முனகிக்கொண்டே பாட்டிலை மூடினார். கூலிக்கு வைத்த ஆள் வேறு விதம். அடிக்கடி படுக்கை நனைகிறது என்று தண்ணீரையே குறைத்துவிட்டார். விழுங்குவதைச் சோதித்து, தண்ணீர் தரலாம் என்று சொன்ன பிறகும் இப்படி. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் சுலபமாகக் கட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான ஆச்சரியம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021ல் தொடங்கிய அரசுத் திட்டம், பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிசியோதெரபியும் அதில் உண்டாம். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். காசு கிடையாது. லெஸ்டரில் வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு நண்பர் குடும்பம் எத்தனை போன் போட்டது என்று எனக்குத் தெரியும். இவர் வந்ததும் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த பயிற்சித் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, பெரியப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். முதல் நாளே இழுத்து நடக்கவைப்பதும் தப்பு, இத்தனை நாள் கழித்தும் படுக்கவே வைத்திருப்பதும் தப்பு என்று பெரியம்மாவிடம் நேராகவே சொன்னார்.

போகும்போது வீட்டில் டேப் இருக்கிறதா என்று கேட்டார். பெரியம்மா ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பை எடுத்து வந்தார். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கிப் பேனாவால் ஒரு கோடு. அந்த இடத்தில் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்க வேண்டும். ஒன்றைவிட மற்றது 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தாலோ, கால் சுட்டாலோ, சிவந்து வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108.

பெரியம்மா இப்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இடது, வலது என்று கோடு போட்டு எழுதி வருகிறார். காலை 7 மணிக்கு அளந்து, அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். லெஸ்டரில் அப்போது ராத்திரி 2:30. பார்த்தேன் என்று கட்டைவிரல் போடாவிட்டால் தம்பியை விட்டு போன் அடிக்கச் சொல்கிறார்.