சளி ரிப்போர்ட்டில் ‘ஏ.எஃப்.பி. 2+’ என்றிருந்தால், அடுத்த பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்

பலரும் ஒரே விதமாகத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாள்பட்ட இருமலுக்குத் தனியார் கிளினிக்கில் சளி ஸ்லைடு மட்டும் பார்க்கிறார்கள். ‘ஏ.எஃப்.பி. 2+’ (அமிலத்தில் கழுவியும் சாயம் போகாத குச்சிக் கிருமி; 2+ என்பது அதன் அளவு) என்று வந்ததும் டி.பி. மாத்திரை. ஆறு மாதம் கழித்தும் ஸ்லைடில் கிருமி அப்படியே இருக்கும். உடனே ‘மருந்துக்கு அடங்காத டி.பி.’ என்று முத்திரை குத்தி, இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதுவரை கல்ச்சருக்கு (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) ஒரு சளி டப்பாகூடப் போயிருக்காது. வீட்டிலோ நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

ஸ்லைடில் தெரிவது நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், அவ்வளவுதான். அமிலம் ஊற்றிக் கழுவியும் சாயம் போகாத மைக்கோபாக்டீரியா (டி.பி. கிருமியின் குடும்பம்) எதுவானாலும் அப்படித்தான் தெரியும். அது டி.பி. கிருமியா, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் அதன் சொந்தக்காரக் கிருமியா (என்.டி.எம்.) என்று மைக்ராஸ்கோப்பால் பிரிக்க முடியாது. பின்னது பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. அந்தத் தனித் தட்டு தேவையே இல்லை; டி.பி.கூடத் தட்டு, டம்ளர் வழியே பரவாது.

ஆகவே மாத்திரை தொடங்குமுன் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனையைக் கேளுங்கள். அரசு மையங்களில் இலவசம். ஸ்லைடில் 2+ இருந்தும் சிபிநாட் ‘டி.பி. இல்லை’ என்றால் முதல் சந்தேகம் என்.டி.எம்.தான், பழைய டி.பி. தழும்போ மூச்சுக்குழாய் விரிவோ உள்ள நுரையீரலில் இன்னும் அதிகம். கல்ச்சரில் வளர்ந்ததை எம்.பி.டி.64 பட்டையில் சோதிப்பார்கள்; டி.பி. கிருமி என்றால் அதில் கோடு விழும். கோடு விழாவிட்டால் இனம் கண்டுபிடிக்க அனுப்பச் சொல்லுங்கள்.

என்.டி.எம். என்றால், எந்த இனம் என்று தெரியாமல் மருந்து எழுதவே கூடாது. கன்சாசி என்ற இனம் என்றால் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், எத்தம்பூட்டாலுக்குக் கட்டுப்படும். ஏவியம் வகைக்கு அசித்ரோமைசினோடு ரிஃபாம்பிசினும் எத்தம்பூட்டாலும், கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் 12 மாதம். அப்செசஸ் என்ற இனத்துக்கு வழக்கமான டி.பி. மாத்திரைகள் வீண். அசித்ரோமைசினைத் தனியாக மாதக்கணக்கில் கொடுத்தால், இருக்கும் முக்கிய மருந்தும் கைவிட்டுப் போகும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே ஒரு கல்ச்சரில் என்.டி.எம். வந்தால் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவிய டப்பாவிலிருந்தே வந்திருக்கலாம். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது வளர வேண்டும், அல்லது மூச்சுக்குழாய் உள்நோக்கி வழியே எடுத்த ஒன்றில். சி.டி. ஸ்கேனும் அறிகுறியும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் ஸ்லைடு பாசிட்டிவ் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு டி.பி.தான், நிறுத்தினால் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். எத்தம்பூட்டால் எடுக்கும் காலம் முழுவதும் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் மங்கித் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.