பால்வாடில குடுக்குத பூச்சி மாத்திர, எங்க வளவு அனுபவம்

நாங்க டவுண்ல ஒரு வளவுல குடியிருக்கோம், ஏழு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ், எல்லா வீட்லயும் சின்னப் புள்ளேள் உண்டு. வருசத்துல ரெண்டு தடவ, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஒட்டி பால்வாடிலயும் ஸ்கூல்லயும் அல்பெண்டசோல்னு வயித்துப் பூச்சிக்கு ஒரு மாத்திர ஃப்ரீயா குடுக்காங்கல்லா, அதப் பத்திதான் எழுதுதேன், ஏன்னா எங்க தெருவுல பாதிப் பேரு அத வாங்கவே பயப்படுதாங்க.

1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் குடுக்காங்க. பெரிய புள்ளேளுக்கு 400 மில்லிகிராம் முழு மாத்திர, சப்பித் திங்கணும். எம் மவனுக்கு ஒன்றர வயசுங்கதால பாதிதான், டீச்சர் அத ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சி நல்லா நுணுக்கி, கொஞ்சம் தண்ணி விட்டு கொழச்சி, அவன் மொகத்த திருப்புததுக்குள்ள வாயில ஊத்திட்டாங்க, முழுங்குத வரைக்கும் பாத்துட்டுதான் அடுத்த புள்ளய கூப்டாங்க. கைல குடுத்து விடவே மாட்டாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சி.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மண்புழு கணக்கா ஒரு சாண் நீளத்துக்கு நாக்குப்பூச்சி விழுந்துச்சி, அவங்க அம்மா மாத்திரயாலதான் ஏதோ ஆயிட்டுன்னு அழுதுட்டாங்க. அது மாத்திர வேல செஞ்சதுக்கு அடையாளம்க்கா, பூச்சி நெறய இருக்க புள்ளேளுக்கு லேசா வயித்து வலி, வாந்தி வரும், தானா சரியாயிரும்.

ஆனா எம் மவளுக்கு மூணு வாரத்துல திரும்பவும் ராத்திரி பூரா ஆசனவாய்ல அரிப்பு. பாத்தா கீரிப்பூச்சி, வெள்ள நூலு மாதிரி. டாக்டர் சொன்னாங்க, மாத்திர பூச்சியத்தான் கொல்லும், முட்டைய கொல்லாது, ராத்திரி வெளிய வந்து முட்ட போடும், புள்ள சொறியும்போது நகத்துல ஒட்டி திரும்ப வாய்க்கே போவும்னு. இதுக்கு ரெண்டு வாரம் கழிச்சி இன்னொரு தடவ போடணும், வீட்ல எல்லாரும் சேந்து போடணும்னாங்க. எங்க ஆச்சி கருப்பட்டி மிட்டாய் தின்னுதான் பூச்சி வந்துச்சின்னு புள்ளய ஏசிட்டே இருந்தாங்க, பாவம் அவ. மாத்திர குடுத்த எடத்துல இந்த முட்ட சமாச்சாரத்த ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே நகத்த ஒட்ட வெட்டி, போர்வ தலவாணி ஒறய எல்லாம் வெந்நீர்ல அலசிருப்பேன். இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறைக்கேன், அஞ்சுக்கு நாலு.

இன்னொன்னும் சொல்லணும். எங்க தெருவுல வாறுகால்ல, அதான் சாக்கடைல, அள்ளுத சகதிய ஓரத்துலயே குமிச்சிட்டுப் போயிருதாங்க, வாரக்கணக்கா கெடக்கு, சின்னதுக எல்லாம் அந்த வாறுகால்லதான் வெளிக்கி இருக்கு. நாக்குப்பூச்சி முட்ட ரெண்டு மூணு வாரம் மண்ணுல கெடந்தாதான் அடுத்த ஆள தொத்துத பதத்துக்கு வரும், அதுக்கு வேண்டிய அவகாசத்த நாமளே குடுக்கோம், அதுலதான் புள்ளேள் வெறுங்கால்ல கோலி வெளயாடுது. மனு ரெண்டு குடுத்தாச்சி, இன்னும் அள்ளல. கொக்கிப்புழுன்னு இன்னொரு வயித்துப் பூச்சி கால் தோல் வழியாவே உள்ள போவுமாம், அதனால செருப்பு மட்டும் போடாம வெளிய விடுததில்ல இப்ப.

காய்ச்சல்னு அன்னைக்கு போட முடியாத புள்ளேளுக்கு ஒரு வாரம் கழிச்சி திரும்ப குடுக்காங்க, டீச்சர்ட்ட பேரு சொல்லி வச்சிருங்க.