32 கிளிக், பாதி வெறும் சத்தம்

நேற்று ராத்திரி நண்பன் ஒருவன் போன் செய்து, "நீ போட்டிருக்கிற அதே காயில்ஓவர் செட் விலை இறங்கியிருக்குடா, வாங்கிடட்டுமா?" என்றான். (காயில்ஓவர் என்றால் ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கான டேம்பரும் ஒன்றாக, உயரத்தை மாற்றும்படி அமைந்த சஸ்பென்ஷன்.) வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். அவன் கேட்ட நேரம் அப்படி. நாலு டேம்பரும் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி, அன்று சாயங்காலம்தான் அவற்றை மறுபடி காரில் மாட்டி முடித்து, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கார் முன்சக்கரம் இழுக்கிற ஹேட்ச்பேக், எடை சுமார் 1000 கிலோ. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (டேம்பரே சக்கரத்தைத் தாங்கும் தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). (பின்னால் ஸ்பிரிங் ஒரு இடம், டேம்பர் ஒரு இடம். காயில்ஓவர் என்பது அங்கே பெயருக்குத்தான்.) நாலு சீசனாக இதே செட்டில் கூம்பு வைத்து ஓட்டும் ஸ்லாலம், அவ்வப்போது டிராக் டே, மற்ற நாட்களில் ஆபீஸ். என்ன செட் என்று சொல்லப் போவதில்லை. இந்த விலையில் விற்கும் பல செட்டுகளுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

வாங்கும்போது என்னை விழ வைத்தது 32 என்ற எண். டேம்பரின் மேல் முனையில் அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்னத் திருகு, 32 கிளிக். 24 கிளிக் உள்ள செட்டை இதற்காகவே ஒதுக்கினேன், எட்டு கிளிக் கூடக் கிடைக்கிறதே என்று. முதல் மாதம் அந்தத் திருகைவிட்டுக் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு ரன்னுக்கும் இடையில் பானட்டைத் திறந்து டிக் டிக் என்று இரண்டு கூட்டி, ஒன்று குறைத்து, வித்தியாசம் தெரிகிறது என்று நானே சொல்லிக்கொண்டு. நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

அந்தத் திருகைத் திருப்பினால் ஷாஃப்ட்டுக்குள் ஒரு ஊசி ஏறி இறங்குகிறது. பிஸ்டனைத் தாண்டி எண்ணெய் போகிற ஒரு சந்து அதனால் அடைபடும் அல்லது திறக்கும். கார் சாயும்போதும், பிரேக் போட்டு மூக்கு அழுந்தும்போதும் பிஸ்டன் மெதுவாகத்தான் நகரும், அப்போது அந்தச் சந்துதான் எல்லாம். சக்கரம் பள்ளத்தில் சட்டென்று விழுந்து அடிபடும்போது வேலை செய்வது பிஸ்டனில் அடுக்கியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள். அங்கே திருகுக்குச் செல்வாக்கு குறைவு. ஒற்றைத் திருகு உள்ள செட்டுகளில் பெரும்பாலும் அது மாற்றுவது ரீபவுண்டைத்தான் (டேம்பர் நீளும்போது வரும் தடை), கூடவே கம்ப்ரெஷன் (அழுந்தும்போது வரும் தடை) கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, ஊசி ஒரு அளவுக்கு மேல் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு அது எவ்வளவு விலகினாலும் எண்ணெய்க்கு ஒன்றுதான் என்பது. சந்து முழுதாகத் திறந்தாயிற்று, அப்புறம் என்ன?

சரி, அதைக்கூட மன்னித்திருப்பேன். என்னை மூன்று வருஷம் அலைக்கழித்தது வேறு.

இரண்டு பக்கமும் முழு இறுக்கத்திலிருந்து எட்டாவது கிளிக்கில் வைத்திருந்தேன் (எண் கூடக் கூடத் தளர்வு). வலது வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். இடது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ஒரு கணம் வெளிப்பக்கமாகச் சரிந்து, ஏதோ யோசித்துவிட்டு, அப்புறம்தான் உட்காரும். ஸ்லாலமில் இடது வலது இடது என்று கூம்புகள் அடுத்தடுத்து வரும்போது அந்த ஒரு கணம் சேர்ந்துகொண்டே போய், கடைசிக் கூம்பில் மொத்தமாக வந்து நிற்கும். எத்தனை கூம்பைத் தட்டினேன் என்று கணக்கில்லை.

மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தேன். டயர்களைப் பக்கம் மாற்றினேன். என் எடைக்கு மணல் மூட்டையை டிரைவர் சீட்டில் வைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்க்கைக் கழற்றிவிட்டு, நாலு தராசின்மேல் காரை நிறுத்திக் கார்னர் வெயிட்டும் (ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் விழும் எடை) சரிசெய்தேன், குறுக்கு எடை, அதாவது மூலைக்கு மூலை எதிரான இரண்டு சக்கரங்களின் பங்கு, கிட்டத்தட்ட 50 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இடது வளைவு மட்டும் அப்படியேதான் இருந்தது. கடைசியில் தப்பு என்னிடம்தான் என்று முடிவுக்கு வந்தேன், இடப்பக்கம் பார்வையைச் சீக்கிரம் திருப்பத் தெரியவில்லை போல என்று. என்னைவிட நன்றாக ஓட்டும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துப் பார்த்தபோது அவரும், "இடப்பக்கம் ஏதோ இருக்கு" என்றார். என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் பின் வலது டேம்பரின் ராடில் எண்ணெய் கசிந்தது. ஒன்றைக் கழற்றும்போது நாலையும் கழற்றிவிடலாம் என்று அனுப்பினேன். வேலை செய்தவர் புது எண்ணெய், புது சீல் போட்டு, நைட்ரஜன் அழுத்தத்தைச் சமமாக ஏற்றி, டைனோவில் (டேம்பரை ஏற்றி இறக்கி அதன் தடையை அளக்கும் இயந்திரம்) மாட்டி ஓட்டிப் பார்த்து, முன் இரண்டு டேம்பருக்கும் கிளிக் வாரியாக வரைபடம் எடுத்துக் கொடுத்தார். காகிதத்தை மேஜையில் விரித்து, "இதப் பாருங்க சார்" என்றார். 16-வது கிளிக்குக்கு மேல் எல்லாக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடக்கிறது. 17-உம் 30-உம் ஒரே கோடு. பிறகு இடது டேம்பரின் எட்டாவது கோட்டின்மேல் விரலை வைத்தார், அதே விரலை நகர்த்தி வலது டேம்பரின் பன்னிரண்டாவது கோட்டில் வைத்தார். இரண்டும் ஒன்று. நான் எட்டுக்கு எட்டு என்று சமமாக வைத்ததாக நினைத்த மூன்று வருஷமும் இடது முன் டேம்பர் நாலு கிளிக் தளர்ந்து இருந்திருக்கிறது. இடது வளைவில் உள்பக்கம் எழும்புவது அதுதான், அதைப் பிடித்து நிறுத்த ரீபவுண்ட் போதவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தை அப்படியே தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். பதிலில், அனுமதிக்கப்பட்ட வேறுபாட்டுக்குள்தான் இருக்கிறதாம்.

நியாயமாகப் பேசினால், அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஊசி, அது உட்காரும் இடம், ஷிம், எல்லாவற்றிலும் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும். அதனால்தான் கிளிக்கை எப்போதும் முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியையும் டைனோவில் ஓட்டிப் பொருத்தித் தருவதற்கு ஆள் கூலி ஆகும், அந்தக் கூலி விலை உயர்ந்த செட்டுகளின் விலையில் ஏற்கெனவே இருக்கிறது. நான் கொடுக்காத காசுக்குச் சண்டை போடுகிறேன். தெரிகிறது. ஆனால் அப்படியென்றால் 32 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடாதே. 16 என்று போடு, இடதும் வலதும் அண்ணன் தம்பி, இரட்டையர் இல்லை என்று கீழே ஒரு வரி எழுது.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரத்தை மாற்றும் வகை இது. ஸ்பிரிங் உட்காரும் தட்டை அசைக்காமலே கார் இறங்கும், டேம்பர் ஏறி இறங்கும் தூரம் குறையாது. தாழ்த்துவதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் காரைக் கெடுப்பார்கள். மெக்ஃபர்சனில் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிற அளவுக்கு இறக்கினால் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும், வளைவில் கார் சாய்வது குறையாமல் கூடும். நான் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்த 6 கிலோ வேண்டும். சக்கரத்தில் அது ஏறக்குறைய 5.4 ஆகிறது, காரின் எடைக்குக் கணக்குப் போட்டால் 2.2 ஹெர்ட்ஸ் வருகிறது, அதாவது ஸ்பிரிங்கின்மேல் காரின் முன்பக்கம் நொடிக்கு 2.2 தடவை ஆடும். சாதாரணக் காருக்கு இது 1-லிருந்து 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அப்படியென்றால் தினசரி ஓட்ட முதுகு உடைய வேண்டும், உடையவில்லை. உடைந்த தாரில், பள்ளத்தில், சக்கரம் தடக்கென்று விழுந்து எழுந்ததும் கார் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. அந்த ஷிம் அடுக்கை அமைத்தவர் யாரோ, வேலை தெரிந்தவர். பழைய ஷாக்கில் தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போட்டு ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் முழுதாக அழுந்தும்போது தடுக்கும் கட்டை) இடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே காரா என்று சந்தேகமே வரும்.

மற்றபடி, டேம்பரைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட்டின் உருண்டை பேரிங் இரண்டாம் வருஷமே கட கட என்று ஆட ஆரம்பித்தது, மாற்றினேன், மறுபடி ஆடும். பின் இடது பக்கம் உயரத்தைப் பூட்டி வைக்கும் அலுமினிய லாக் ரிங் மரையோடு இறுகிப்போய் ஸ்பேனரே வளைந்தது. முன் சக்கரங்களின் பக்கம் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மரையின்மேல் சுற்றியிருந்ததால் தப்பித்தேன்.

நண்பனுக்கு ஒன்று. கிளிக்கை எண்ணாதே. நீ ஓடுகிற வகுப்பின் விதிகளை முதலில் படி, காயில்ஓவர் போட்டதும் மேல் வகுப்புக்குத் தூக்கிப் போடும் போட்டிகள் உண்டு. ஸ்பிரிங்கின் உள் விட்டம் 60, 65 மாதிரி எங்கும் கிடைக்கிற அளவா, சீலும் ஷாஃப்ட்டும் தனியாகத் தருவார்களா, டைனோ தாள் உண்டா என்று கேள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் திருகே இல்லாத செட்டாக இருந்தாலும் வாங்கு. இந்தச் செட்டில் முதல் இரண்டுக்கு ஆமாம், மூன்றாவதற்கு இல்லை. அதனால்தான் வேண்டாம் என்றேன், இப்போதும் அதேதான் சொல்கிறேன்.

இன்று காலை மெசேஜ் போட்டிருக்கிறான்: "அப்போ உன் செட்டைக் கொடுத்துடு, பாதி விலைக்கு எடுத்துக்கறேன்." இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்லாலம் இருக்கிறது. பானட்டுக்குள் வெள்ளை டேப் ஒட்டி, இடது 4, வலது 8 என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.