நாஸிக்கா, ஸய்யாபா: யாரை முதலில் படிப்பது?

அரபு யாப்பை 1947-இல் நெகிழ்த்தியவர்கள் இந்த இரு ஈராக்கியக் கவிஞர்கள். முதலில் செய்தது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வாசகனுக்கு அது தேவையும் இல்லை.

பழைய அரபுப் பாட்டில் ஒவ்வொரு அடியும் இரு சம பாதிகள். கடைசிவரை ஒரே இயைபு. இவர்கள் சீரை வைத்துக்கொண்டு, அடிக்கு எத்தனை சீர் என்பதை மட்டும் தளர்த்தினார்கள். நம் புதுக்கவிதைபோல யாப்பையே உதறியதாக நினைப்பதுதான் வழக்கமான பிழை. உரைநடையாக மொழிபெயர்த்தால் பாதி போய்விடும்.

நாஸிக் அல்-மலாயிகாவின் 'காலரா' எகிப்தின் கொள்ளைநோயைப் பற்றியது. 'மரணம்' என்ற சொல் மும்முறை அடுக்கி வரும்போது பிணவண்டிக் குதிரைகளின் குளம்படி கேட்கிறது. பின்னர் 1962-இல் இந்த வடிவத்துக்கு விதிகளும் எழுதினார். அதில் கொஞ்சம் வாத்தியார்த்தனம்.

பஸ்ரா பக்கத்து ஜைக்கூர் கிராமத்து பத்ர் ஷாக்கிர் அல்-ஸய்யாப் 'மழைப் பாட்டு' கவிதையில் அடுக்குவது 'மதர், மதர், மதர்': மழை. காதலியின் கண்களைப் பேரீச்சந்தோப்பாகக் கண்டு தொடங்கி, மழை பெய்தும் தீராத ஈராக்கின் பசியில் போய் நிற்கிறது. அவர் 1964-இல், 38 வயதுக்குள் இறந்தார்.

யாப்பு பிடிபட வேண்டுமானால் நாஸிக். ஒரே ஒரு கவிதைதான் படிப்பேன் என்றால், தயங்காமல் ஸய்யாப்.