சேலத்தில் வீடு வாங்கும் முன் செக் பண்ண ஆள் வைக்கிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்

கன்னங்குறிச்சியில் ஒரு பழைய வீடு பிடித்துப்போய், ஆடி கழியட்டும், ஆவணியில் கிரயம் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு முடித்திருந்தோம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடனுக்காக விலையைத்தான் பார்ப்பார் என்பதால், ஓதம், விரிசல், வயரிங் பார்க்கத் தனியாக ஒரு நிறுவனத்துக்கு 7,500 ரூபாய் கட்டி இரண்டு பேரை வரவழைத்தேன். அவர்களைக் கூட்டிப் போனதுதான் நான் செய்த தப்பு.

வீட்டில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் மனைவியும் மட்டும்தான். காலை பத்து மணி என்றவர்கள் மதியம் ஒன்றரைக்கு, அந்த இருவரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகப் பூஜை அறைக்குள் போய்விட்டார்கள். "தம்பி, தம்பி, அங்க வேணாம்" என்று அந்த அம்மா எச்சில் கையோடு எழுந்து வந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கேட்காமலே பீரோவைத் திறந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஊசி வைத்த ஈரமானியை, புதிதாகப் பெயிண்ட் அடித்த ஹால் சுவரில் ஏழெட்டு இடத்தில் குத்தி ஓட்டை போட்டார்கள். அப்புறம் பெரியவர் காதுபடவே, "அஸ்திவாரமே போச்சு சார், அஞ்சு லட்சம் குறைச்சுக் கேளுங்க" என்றார் ஒருவர்.

ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு இருந்தால் தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச், வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது சரியான சோதனைதான். ஆனால் அழுத்தியதும் விழுந்த சுவிட்சைத் திரும்பத் தூக்கிவிட வேண்டாமா? ஃபிரிட்ஜ் இருந்த லைன் அது. சாயங்காலம்தான் கவனித்திருக்கிறார்கள், உள்ளே அந்த அம்மாவின் இன்சுலின். சில மணி நேரத்தில் அது கெட்டுவிடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் பயந்துபோய்தான் இருந்தார்.

நாலு நாள் கழித்து வந்த அறிக்கையில் பீரோவுக்குள் இருந்த துணி, மாத்திரை டப்பா, மகள் கல்யாணப் போட்டோ எல்லாம் இருந்தது. எனக்கு வருவதற்கு முன்பே அது புரோக்கர் கைக்குப் போயிருந்தது. காசு கொடுத்த எனக்கே இது அவமானம் என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அறிக்கையாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. வேறொரு இன்ஜினியரிடம் காட்டினேன். அஸ்திவாரம் போச்சு என்ற விரிசல், கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடியது. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரியாததால் அங்கே பூச்சு பிளப்பது சகஜம், கொத்திவிட்டு கோழி வலை அடித்துப் பூசினால் போதும் என்றார். ஈரமானி மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் அளவு காட்டும், உப்புப் பூத்த சுவரில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஆள் வைப்பதாக இருந்தால், நேரத்தை வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்வார்களா, ஊசி குத்துவதற்கும் மெயினை அணைப்பதற்கும் அனுமதி கேட்பார்களா, போட்டோ யார் யாருக்குப் போகும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். குறையை அங்கேயே நின்று பேசாமல் வெளியே வந்து உங்களிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே நில்லுங்கள், நான் பாதி நேரம் வாசலில் போனில் இருந்தேன்.

நிறுவனத்திடம் கேட்டதற்கு, "எல்லா வீட்லயும் இப்படித்தாங்க பாப்போம்" என்று முடித்துவிட்டார்கள், பணமும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது பெரியவர் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். "விலை குறைக்கணும்னா எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார். வீட்டை வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.