மாத்திரைக்கு ஜெனரிக், மூக்கு ஸ்பிரேக்கு பிராண்டா? இரண்டையும் பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

மகரந்தப் பருவம் தொடங்கியதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீதான் வருஷா வருஷம் தும்முகிறாயே, அலர்ஜிக்கு பிராண்ட் மருந்து வாங்கணுமா, ஜெனரிக்கே போதுமா?" முதலில் கொண்டுவந்த கம்பெனி வைத்த பெயரில் வருவது பிராண்ட், அதே மருந்தை மற்ற கம்பெனிகள் செய்து விற்பது ஜெனரிக். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. மாத்திரை மட்டும் என்றால் ஒரு வரி போதும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறதே, அதுதான் இவ்வளவு எழுத வைக்கிறது.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்து 10 மில்லிகிராம், ஸிர்டெக் என்ற பிராண்ட் பெயரில் வந்தாலும் சரி, பெயரே கேள்விப்படாத கம்பெனியின் அட்டையில் வந்தாலும் சரி, எனக்கு ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. விழுங்கி ஒரு மணி நேரம் போல ஆனதும் தும்மல் நிற்கும், மூக்கொழுகல் குறையும், கண் அரிப்பு கொஞ்சம் தாமதமாக அடங்கும், மறுநாள் அதே நேரம் வரை தாங்கும். சாயங்காலம் லேசாகக் கண்ணைச் சொக்குவதும் இரண்டிலும் உண்டு. அந்தத் தூக்கம் பிடிக்காமல் லோராட்டடின், அப்புறம் ஃபெக்ஸோஃபெனடின் என்ற வேறு அலர்ஜி மருந்துகளுக்கு மாறிப் பார்த்தேன். தூக்கம் குறைந்தது, ஆனால் குறைந்ததற்குக் காரணம் மருந்து மாறியது, கம்பெனி மாறியது இல்லை. பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். கிளாரிடின் (லோராட்டடினின் பிராண்ட்) ஒத்துவரவில்லை, அலெக்ரா (ஃபெக்ஸோஃபெனடினின் பிராண்ட்) ஒத்துவந்தது என்றால், பிராண்டுக்குள் பிராண்ட் சண்டை நடக்கவில்லை. உங்கள் உடம்புக்கு லோராட்டடின் போதவில்லை, ஃபெக்ஸோஃபெனடின் போதுகிறது, அவ்வளவுதான். அதே ஃபெக்ஸோஃபெனடினை ஜெனரிக்காக வாங்கினாலும் போதும்.

"ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் கம்மியாக இருக்கலாமாமே" என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அது 80 முதல் 125 சதவீதம் என்ற விதியைப் பாதியில் படித்ததால் வந்த பேச்சு. ஆட்களுக்கு இரண்டு மருந்தையும் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். ஜெனரிக்கில் ஏறுவது பிராண்டில் ஏறுவதில் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் வந்தால் போதாது. சராசரியைச் சுற்றி இருக்கும் 90 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய வீச்சு, முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். 20 சதவீதம் குறைவாக ஏறும் மாத்திரை அந்தச் சோதனையில் தேறவே தேறாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 ஆண்டுகளில் வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேரும் மொத்த அளவில் பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் இடையே இருந்த சராசரி வித்தியாசம் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. தும்மல் மாத்திரையில் அதை மூக்கு கண்டுபிடிக்கப் போவதில்லை.

வித்தியாசம் என்று நாக்குக்குத் தெரிவது ஒன்று உண்டு. செட்டிரிசின் பயங்கரக் கசப்பு. சில மலிவான மாத்திரைகளில் மேல்பூச்சு மெலிசாக இருக்கும், தண்ணீர் வாயில் போவதற்குள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கசப்பு காபி குடித்தாலும் போகாது. பிராண்ட் மாத்திரை வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பூச்சுக்காகப் பல மடங்கு காசு கொடுக்க வேண்டுமா என்றால் வேண்டாம், நாக்கை முதலில் நனைத்துக்கொண்டால் போதும். மேல்பூச்சு, நிறம், மாவு இதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், லாக்டோஸோ ஏதாவது ஒரு நிறமியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் உள்ளே வரும் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அது பிராண்டுக்கும் பொருந்தும்.

அம்மாவுக்கும் இதே மருந்துதான். ஒரு மாதம் வெள்ளை வட்டம், அடுத்த மாதம் நீள மாத்திரை, அதற்கடுத்த மாதம் அட்டையே வேறு நிறம். "இது வேற மாத்திரையாச்சே, மாத்திக் குடுத்துட்டானா?" என்று போனில் கேட்பார். வயதானவர்கள் மருந்தை அடையாளம் வைத்திருப்பது பெயரால் இல்லை, பார்வையால். பழைய அட்டையில் மிச்சம் இருப்பதையும் புதியதையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஜெனரிக் மீது நான் வைக்கும் நியாயமான குறை இது. மருந்துக்கடையில் "போன தடவை கொடுத்த அதே கம்பெனியே கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஃபெக்ஸோஃபெனடின் பற்றி ஒரு விஷயம். ஜெனரிக் வேலையே செய்யவில்லை என்று அடித்துச் சொன்ன ஒருவர், தினமும் காலையில் ஆரஞ்சு ஜூஸோடு அதை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் ஜூஸ் எல்லாமே இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். அலுமினியம், மெக்னீசியம் இருக்கும் அசிடிட்டி மருந்தும் அதே வேலையைச் செய்யும். தண்ணீரோடு போடச் சொன்னேன். புகார் நின்றுவிட்டது.

பிராண்ட் பெயரை நம்புவதில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது. பெனட்ரில் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது டைஃபென்ஹைட்ரமின், நன்றாகத் தூக்கம் வரவைக்கும் பழைய தலைமுறை மருந்து. பிரிட்டனில் அதே பெயரில் அலர்ஜிக்கு விற்பவற்றில் ஒன்றில் அக்ரிவாஸ்டின், இன்னொன்றில் செட்டிரிசின். ஒரே பெயர், மூன்று மருந்து. அப்புறம் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தோ "பிளஸ்" என்ற வார்த்தையோ ஒட்டிக்கொண்டு வரும் பெட்டிகள், அவற்றில் மூக்கடைப்புக்கு என்று இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். அது சூடோஎஃபெட்ரின் என்றால் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அது வாய்வழி ஃபினைல்எஃப்ரின் என்றால், 2023-ல் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு அது மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது, பயன்படாததற்கு நீங்கள் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். ஜெனரிக் பெட்டியில் மருந்தின் பெயரே பெரிதாக இருக்கும். பிராண்ட் பெட்டியில் அதைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்கே நான் ஜெனரிக் பக்கம்.

சரி, ஸ்பிரேக்கு வருகிறேன்.

மூக்கடைப்புதான் உங்களுக்கு முக்கியப் பிரச்சினை என்றால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும். ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்பிரேதான் சரியான மருந்து. ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே ஃப்ளோனேஸ் என்ற பெயரில் 1994-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதற்கு முதல் ஜெனரிக் வந்தது 2006-ல். பிராண்டும் ஜெனரிக்கும் ஒரு அழுத்தலுக்கு 50 மைக்ரோகிராம் தருபவை. மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொடர்ந்து சில நாள் அடித்தால் மூக்கு திறந்துவிடுகிறது, ராத்திரி வாயால் மூச்சு விடாமல் தூங்க முடிகிறது, பிராண்டிலும் ஜெனரிக்கிலும். ஜெனரிக்குக்கு அனுமதி தருமுன் துளியின் அளவு, ஸ்பிரே விரியும் வடிவம் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் இது மூக்கிலேயே வேலை செய்யும் மருந்து, ரத்தத்தில் அளந்தால் மட்டும் போதாது.

இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், நான் பயன்படுத்திய ஜெனரிக் புட்டிகளில் பம்ப் என்பது ஒரு தலைவலி. புதிதாகத் திறந்து, குலுக்கி, முகத்துக்கு அப்பால் பிடித்து ஆறு முறை அழுத்தி மெல்லிய புகை மாதிரி வரும்வரை தயார் செய்தால் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் முனையில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டும். அந்தத் துளை எவ்வளவு சின்னது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும், அதில் பாதியை மருந்தே காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். அழுத்தினால் புகை வராது, பொட்டென்று ஒரு சொட்டு, இல்லாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு பீச்சல். சொட்டாக விழும் மருந்து மூக்கின் உள்சுவரில் பரவாமல் நேராகத் தொண்டைக்கு இறங்குகிறது, கசக்கிறது, மருந்தும் வீண். ஒரே பக்கம் பீச்சினால் இன்னும் மோசம், நடுத்தண்டில் திரும்பத் திரும்பப் பட்டு அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். நான் வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடிக்கிறேன், முனையை நடுத்தண்டிலிருந்து விலக்கி வெளிப்பக்கமாகச் சாய்த்துத்தான் பிடிக்கிறேன், தலையை அண்ணாந்து பார்ப்பதில்லை, பலமாக உறிஞ்சுவதில்லை. அப்படியும் பம்ப் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்ய?

முனையைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி உலரவைத்து மாட்டினால் சரியாகும். இதை வாரம் ஒருமுறை செய்தால் பொருக்கே கட்டாது. ஊசியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஸ்பிரே விரியும் விதமே கெட்டுவிடும். இப்படிப் பராமரித்தால் ஜெனரிக் ஓடும். ஆனால் கையில் இருந்த ஒரு புட்டியில் முனை கழற்றவே வரவில்லை, இழுத்ததில் பம்ப் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. முக்கால்வாசி மருந்து மிச்சம் இருந்தது. அதோடு புட்டி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஜன்னல் கூட இல்லை, குலுக்கிச் சத்தம் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும். 120 அழுத்தல் முடிந்த பிறகும் கொஞ்சம் திரவம் மிஞ்சும், அதில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சரியான அளவு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. காலியா இல்லையா என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருப்பது மூச்சு விடத் திணறுபவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதற்குப் பிறகு ஒரு பிராண்ட் ஸ்பிரே வாங்கினேன், ஃப்ளூட்டிகசோன் ஃப்யூரோயேட், பக்கவாட்டில் பட்டன் இருக்கும் வகை. கட்டை விரலால் பக்கத்தில் அழுத்துவதால் புட்டி மேலும் கீழும் ஆடுவதில்லை, முனை வைத்த இடத்திலேயே நிற்கிறது. பழைய ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேக்களில் ஃபினைல்எத்தில் ஆல்கஹால் சேர்ப்பதால் ஒரு ரோஜா வாடை வருமே, அது இதில் இல்லை. வாசனை பட்டாலே தும்மும் என் மூக்குக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! உள்ளே இருக்கும் அளவு பார்க்க ஜன்னலும் உண்டு. அடித்ததே தெரியாத அளவுக்கு மெல்லிய தூறல், தொண்டைக்கு ஒன்றும் இறங்கவில்லை. இது மேலே சொன்ன ஸ்பிரேக்களில் இருக்கும் ஃப்ளூட்டிகசோன் புரோப்பியோனேட் இல்லை, சற்று வேறு மருந்து, அளவும் வேறு, ஆகவே ஒன்றோடொன்று நேராக ஒப்பிடுவது நியாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் மெச்சுவது மருந்தை இல்லை, புட்டியை. அந்தப் புட்டிக்காக நான் கொடுக்கும் விலையை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஒரு நல்ல பம்பும் ஒரு சின்ன ஜன்னலும் வைக்க ஜெனரிக் கம்பெனிகளால் முடியாதா என்ன?

ஆக நண்பருக்கு என் பதில்: மாத்திரை ஜெனரிக்கே வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு இல்லை, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படித்துவிட்டு. ஸ்பிரேயிலும் ஜெனரிக் போதும் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன், அது உண்மையும்கூட, ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால் பிராண்டையே வாங்கு என்பேன், என் கையில் இருப்பதும் அதுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் செட்டிரிசின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். செட்டிரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு, அரிதாகத்தான், உடம்பெல்லாம் கடுமையாக அரிக்கும் என்று 2025-ல் எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது, அது பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் பொது. ஸ்பிரேயைத் தும்மல் வந்த பிறகு தேடாதே, பருவம் தொடங்க ஒன்றிரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடு. கடையில் ஜெனரிக் ஸ்பிரேதான் இருக்கிறது என்றால், வாங்குமுன் முனை கழற்ற வருமா, புட்டியில் அளவு தெரியுமா என்று கேட்டுப் பார். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லும் கம்பெனி ஏதாவது கிடைத்தால் பெயரை எனக்கும் அனுப்பு.