20 அடி கன்டெய்னர் வீடு: கட்டுமானம் முடியும்வரை குடியிருந்து பார்த்த பிறகு

ஊருக்கு வெளியே சொந்த நிலத்தில் வீடு கட்ட இறங்கினால், வரைபடம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: கட்டி முடியும்வரை எங்கே இருப்பது? நாங்கள் பழைய சரக்குக் கன்டெய்னரைக் குடியிருக்கும் பெட்டியாக மாற்றி விற்கிற ஒருவரிடம் ஒன்றை வாங்கி, நிலத்திலேயே இறக்கினோம். நான், இவர், பள்ளிக்குப் போகிற மகன் மூன்று பேரும் அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பூச்சு வேலை முடியும்வரை அதற்குள்தான் இருந்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி நல்ல பெட்டி. ஆனால் வாங்கிய கையோடு அதற்கு மேலே தனிக் கூரையும் வெளியே ஒரு சமையல் இடமும் போட முடியாது என்றால், வாங்காதீர்கள்.

வாடகை வீட்டை ஏன் விட்டோம் என்று எல்லோரும் கேட்டார்கள். வசதி என்று பார்த்தால் அதுதான் வசதி, மறுக்கவில்லை. ஆனால் கான்கிரீட் கொட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 28 நாள் வலுவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட யாராவது அங்கேயே இருந்தால்தான் அது நடக்கும். கலவை இறுகுகிறது என்று இன்னொரு வாளித் தண்ணீரைச் சேர்த்துவிடுகிற பழக்கம் வேறு இருக்கிறது. கொட்டுகிறவருக்கு வேலை சுலபமாகும், கான்கிரீட்டின் வலு குறையும். பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றால் அந்த வாளி அவ்வளவு சுலபமாக எழாது.

இழுத்துச் செல்கிற கேரவனும் பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் அழகாகத்தான் இருந்தது. இவர் மூலையில் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். தரை பொதபொதவென்று உள்வாங்கியது. கூரை இணைப்பில் எங்கோ கசிந்து, சுவருக்குள் இறங்கி, பலகையை ஊற வைத்திருக்கிறது. கேரவன் வாங்குகிறவர்கள் மெத்தை உறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லா மூலைகளையும் மிதித்துப் பாருங்கள். கூடாரம் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு மழைக்காலத்துக்கு மேல் அதில் குடும்பம் நடத்த முடியாது. முதலில் ஒரு ஷெட் கட்டிக் குடியேறிவிட்டு அப்புறம் வீட்டை எடுக்கலாம் என்றார் மேஸ்திரி. நல்ல யோசனைதான். நேரம் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரையும் அதுவே. எங்களுக்கு அந்த ஷெட்டைக் கட்டி முடிக்கும் வரை இருக்க இன்னொரு இடம் வேண்டியிருந்தது!

சரி, பெட்டிக்கு வருவோம். வழக்கமான 20 அடி கன்டெய்னர் வெளிப்புறம் சுமார் 6.06 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம், 2.59 மீட்டர் உயரம். காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல் எடை. உள்ளே அகலம் 2.35 மீட்டர்தான். அதில் இரண்டு பக்கமும் நுரைத் தகடும் பலகையும் அடித்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது 2.2 மீட்டர். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எங்கள் வாழ்க்கையே அமைந்தது. கட்டிலைக் குறுக்கே போட்டால் சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தும். உள்பக்கம் படுத்தவர் இரவில் எழ வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். நீளவாக்கில் போட்டால் பக்கத்தில் நடக்க வழி உண்டு, மகனின் மடக்குக் கட்டிலுக்கு இடம் இராது. குறுக்கேதான் போட்டோம். உயரமான வகை என்று ஒன்று உண்டு, ஏறக்குறைய ஒரு அடி கூடுதல். கிடைத்தால் அதையே எடுங்கள். கூரைக்கு நுரை அடித்த பிறகும் தலைக்கு மேல் காற்று இருக்கும்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை மிகச் சுலபம். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி இருட்டில் நில்லுங்கள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். ஏற்கெனவே உட்சுவர் அடித்து மாற்றிய பெட்டியில் இதைச் செய்ய முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன்பே பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேலே ஏறிக் கூரையில் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். கப்பலில் பூச்சி பரவாமலிருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். என்ன மருந்து என்பது கதவில் அடித்திருக்கும் தகட்டில் இருக்கும். நாங்கள் அதன்மேல் பெயின்ட் பூசி, வினைல் விரிப்பு ஒட்டிய பிறகுதான் குடியேறினோம். ஒரே ஒரு தடவை சரக்கு ஏற்றி வந்த புதுப்பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை சுத்தமாக இருக்கும், விலையும் அதற்கேற்ப.

இன்னொன்று. சரக்குக் கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து மட்டுமே இயங்கும். உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது விளையாட்டாகத் தாழ்ப்பாளைப் போட்டால் அவ்வளவுதான். பக்கச் சுவரில் உள்ளிருந்து திறக்கிற சாதாரணக் கதவும், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னலும் இல்லாத பெட்டியில் படுக்கவே கூடாது. சுவருக்குள் இருக்கிற நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். பாறைக் கம்பளி என்று ஒரு வகை உண்டு, அது எரியாது. இன்று வாங்கினால் அதைத்தான் கேட்பேன். எங்கள் பெட்டியில் இருந்தது பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரை. வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். அதே கனமுள்ள தெர்மாகோலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடுக்கும்.

ஆனால் நுரை மட்டும் வெயிலைச் சமாளிக்காது, இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இரும்பு நாள் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. நுரை அதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மதியம் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தால் சாயங்காலம் உள்ளே வெந்துகொண்டிருக்கும். வெயில் பெட்டியைத் தொடவே கூடாது என்பதுதான் வழி. நான்கு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு, பெட்டியின் தலைக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு, தகர ஷீட்டால் பெரிய கூரை போட்டோம். எட்டு மீட்டருக்கு ஐந்து மீட்டர். சூடான காற்று அந்த இடைவெளி வழியாக ஓடிப்போய்விடுகிறது. கூரை போட்ட அன்று மாலை பெட்டியின் மேல்தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன், வைத்தபடியே இருக்க முடிந்தது. அதற்கு முதல் நாள் ஒரு நொடி கூட வைக்க முடியவில்லை. மழை விழுகிற சத்தமும் பாதியாகக் குறைந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நாற்பது சதுர மீட்டர் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லிமீட்டர் மழைக்கு 400 லிட்டர். ஓரத்தில் தகர வாய்க்காலும் கீழே தொட்டியும் வைத்தோம், செங்கல் நனைக்கிற தண்ணீரில் பெரும்பகுதி மழைக்காலத்தில் அதிலிருந்தே கிடைத்தது. பலத்த காற்றுக்கு இரண்டு டன் பெட்டி அசையாது, ஷீட் பறந்துவிடும். ஷீட்டைக் குழாயோடு பிணைக்கிற ஜே போல்ட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

வெப்பத்துக்கு அடுத்த எதிரி ஈரம். மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் மகனின் பள்ளிப்பையைத் தூக்கினால், சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் சொதசொதவென்று இருந்தது. மழை ஒழுகவில்லை, எங்கள் மூச்சுதான் அது. இரண்டு பெரியவர்கள் ஓர் இரவு தூங்கினாலே அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். வீட்டுச் சுவர் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், இரும்பு உறிஞ்சாது. நுரை அடிக்காமல் விட்ட இடத்தைத் தேடிப்போய், அங்கே குளிர்ந்து, துளியாக நிற்கும். ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம், மூலைத் தூண் எல்லாம் இப்படித்தான். மேலே எதிரெதிராக இரண்டு காற்றுத்துளை, இரவிலும் மூடாமல். அப்புறம் எந்தப் பொருளையும் சுவரில் ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி. இவை இரண்டும் செய்த பிறகு பை நனையவில்லை. அடுப்பை ஏன் வெளியே வைக்கச் சொல்கிறேன் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாகக் கிளம்புகிறது. உள்ளே சமைத்தால் அதையும் இரும்புதான் பிடித்து வைக்கும். பெரிய கூரையின் நிழலில், காற்று வராத பக்கமாக, ஒரு தடுப்பும் வைத்து, சமையல் மேடை கட்டினோம். சாப்பாடு, வீட்டுப்பாடம், மேஸ்திரியோடு கணக்கு வழக்கு எல்லாம் அங்கேதான். உள்ளே போவது தூங்குவதற்கு மட்டும்.

விற்றவரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கன்டெய்னர் சுவரின் மடிப்புகள் அழகுக்காக இல்லை, வலுவுக்காக. ஜன்னலுக்காக வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சதுரக் குழாயை வெல்டிங் செய்து சட்டம் கட்ட வேண்டும். எங்கள் பெட்டியில் மேற்கு ஜன்னலுக்கு அதைச் செய்யாமல், ஓரத்தில் சிலிக்கானைப் பிதுக்கி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் சாரல் மழையிலேயே படுக்கை நனைந்தது. போன் செய்தால் ‘மழை நின்றதும் ஆள் அனுப்புகிறோம்’ என்றார்கள். மழை நின்றது. ஆள் வரவில்லை. கடைசியில் எங்கள் கம்பி கட்டுகிறவரே வெல்டிங் வைத்துச் சரிசெய்தார். வாங்கப் போகிறவர்கள் ஜன்னல் ஓரத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இரும்பு தட்டுப்பட வேண்டும், ரப்பர் மாதிரி உரிந்து வரக்கூடாது.

பெட்டியின் பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் இருக்கிற துளைபோட்ட இரும்புக் கட்டைகளில்தான் நிற்கிறது. அதனால் நான்கு மூலைக்கும் கான்கிரீட் கட்டை போதும், நடுவில் தேவையில்லை. ஆனால் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட டியூபில் தண்ணீர் ஊற்றி மேஸ்திரிகள் பார்க்கிற மட்டமே இந்த நீளத்துக்கு நம்பகமானது. ஒரு மூலை ஓரிரு விரற்கடை இறங்கினாலும் சரக்குக் கதவு இறுகிக்கொள்ளும், கடப்பாரை இல்லாமல் திறக்காது. மழைக்குப் பிறகு எங்களுக்கு அப்படி ஆனது. லாரி ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகியதும் கதவு பழையபடி ஆடியது. பெட்டிக்கு அடியில் ஒன்றரை அடியாவது திறந்திருக்கட்டும், குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வயல்வெளியில் எலி அங்கே குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

மின்சாரம் பற்றி ஒரே விஷயம்: நீங்கள் குடியிருப்பது ஓர் இரும்புக் கூண்டு. பெட்டியின் சட்டத்தை எர்த் கம்பியோடு இணைத்து, 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் வைத்த பிறகுதான் உள்ளே ஒரு பல்பு கூடப் போட வேண்டும். ஜெனரேட்டர் என்றால் காற்று பெட்டியை நோக்கி வீசாத பக்கம், தூரத்தில். அதன் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. போன் சிக்னலையும் இரும்பு தடுத்துவிடும். மகனுக்கு இணைய வகுப்பு இருந்தால் ஜன்னல் கொக்கியில்தான் போன் தொங்கும்.

கழிப்பறைக்குத் தற்காலிகமாக எதையும் செய்யாதீர்கள். வீட்டுக்கு எப்படியும் செப்டிக் டேங்க் வேண்டுமே, அதையே முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். அதன்மேல் தகரத் தடுப்புக் கழிப்பறை போட்டுக்கொண்டால் போதும். கிணறோ ஆழ்துளையோ இருந்தால் 30 மீட்டராவது தள்ளி. இதைப்போலவே பெட்டிக்கு இடம் பார்க்கும்போதும் வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: செங்கல் லாரி திரும்பும் இடம், மணல் கொட்டும் இடம், குழாய் போகும் வழி எதிலும் அது உட்காரக்கூடாது. மேட்டில் இருக்க வேண்டும். உள்ளூர் நிர்வாகத்தில் தற்காலிகக் குடியிருப்புக்கு அனுமதி வேண்டுமா, எத்தனை மாதம் என்பதையும் பெட்டி வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் விதி ஒவ்வொரு மாதிரி.

வீடு எழுந்த பிறகு பெட்டியை எடுக்க கிரேன் வந்து நிற்க வழி இருக்குமா என்பதை முதல் நாளே யோசித்தோம், அதில் திருப்தி. சுற்றுச்சுவரில் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் கட்டவில்லை. இப்போது பக்கத்து நிலத்தில் வீடு தொடங்கப்போகிற குடும்பம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்டி பிடித்திருக்கிறது, கூரையையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டார்கள். பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், கூரை எங்களுக்கு வண்டி நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஷீட் போட்டவரின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.